மிஷினா, நானா

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் நான் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் பிறப்பதற்கு முன்னால் டவுனில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃப்ளெக்ஸ், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று என் கைபடாத விசேஷம் அந்தத் தெருக்களில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை பிறந்ததும் நின்றேன். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் நின்றேன். பிறகு மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் ஊரே அடைந்து கிடந்த கொரோனா காலம். ஒன்று முடிய ஒன்று வந்து, நான் வேலைக்குப் போனவள் என்பதையே வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் பாதி மறந்திருந்தேன்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஒரு பிரஸ்ஸில் டிசைனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நாங்கள் இருப்பது கோச்சடை. ஆற்றைத் தாண்டினால் விளாங்குடி.

"காலையில புள்ளய வேன்ல ஏத்திவிட்டுட்டுப் போனா, சாயந்தரம் அவ வர்றதுக்குள்ள வந்துரலாம்" என்று கணவரிடம் சொன்னேன்.

"ஒன்னால முடியுமான்னு பாத்துக்க" என்றார் அவர்.

தடுப்பதற்காகச் சொன்னதில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னோடு கூடவே வேலைக்கு வந்துவிட்டது.

பிரஸ் என்பது ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான். முன்னால் கவுண்டர். அதற்குப் பின்னால் ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறையில் டிசைன் செய்கிற கம்ப்யூட்டர்கள் இரண்டு. கொல்லைப் பக்கம் தகரக் கொட்டகையில் ஃப்ளெக்ஸ் மிஷின். முதலாளிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். டிசைன் அறையில் எனக்கு முன்பே ஓர் அக்கா இருந்தார். அந்தப் பிரஸ் தொடங்கியதிலிருந்து இருப்பவர். ஜன்னல் பக்கக் கம்ப்யூட்டர் அவருடையது. சுவர்ப் பக்கம் இருந்தது எனக்கு வந்தது. அதில் வேலை பார்த்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதால் கொஞ்ச காலமாகச் சும்மா கிடந்தது என்றார்கள். வேலை ஃபைல்கள் எல்லாம் அண்ணன் அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. அதை சர்வர் என்போம். கேபிள் வழியாக நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்துதான் ஃபைலைத் திறக்க வேண்டும். திருத்திவிட்டு அங்கேயே போட வேண்டும்.

முதல் நாள் அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். முகூர்த்த நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஃபைலின் மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். நீல வளையம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. சரியாகத் தட்டவில்லையோ என்று மறுபடி தட்டினேன். கடைசியில் அதே பத்திரிகை இரண்டு தடவை திறந்துகொள்ள, திரை வெளுத்துப்போய் எதுவும் அசையவில்லை. எனக்குப் பின்னால் அக்காவின் கீபோர்டு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ஆச்சா?"

"இந்தா ஆச்சுக்கா."

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பயந்து மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் வேலை பார்த்த காலத்துச் சாஃப்ட்வேர் வேறு, இது புதுசு. இப்போது எல்லாமே இப்படித்தான் போல, அக்காவுக்கு ஏதோ சுருக்கு வழி தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் வீட்டில் இருந்தவளுக்கு மெதுவாகத்தானே வரும். அந்த விளக்கம் எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அதனால் என்னால் முடிந்த வழிகளைத் தேடிக்கொண்டேன். காலையில் அக்கா வருவதற்கு முன்னால் போய்விடுவேன். அன்றைக்கு வேண்டிய ஃபைல்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து வைத்துவிடுவேன். திறந்ததை மூடமாட்டேன். மூடினால் மறுபடி அந்த வளையத்தின் முன்னால் உட்கார வேண்டுமே. ஒரே சமயத்தில் பத்திரிகையும் நோட்டீஸும் ஃப்ளெக்ஸும் திரைக்குப் பின்னால் அடுக்கி நிற்கும். வளையம் சுற்றும் நேரத்தில் யாராவது அறைக்குள் வந்தால், கையில் இருக்கிற காகிதத்தைப் படிப்பது போலக் குனிந்துகொள்வேன்.

அதில்தான் தப்பு வந்தது. இரண்டு காதணி விழா ஃபைல்கள் திறந்திருந்தன. ஒரு வீட்டுத் தாய்மாமன்மார் பெயர்களை அடுத்த வீட்டுப் பத்திரிகையில் போட்டு சேவ் செய்துவிட்டேன். சரிபார்க்க எடுத்த ப்ரூஃபில் அக்கா கண்டுபிடித்தார். தாய்மாமன் பெயர் மாறிப் போயிருந்தால் அந்த விசேஷமே சண்டையில் போய் நின்றிருக்கும். அக்கா சத்தம் போடவில்லை. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு, "ஒண்ண முடிச்சுட்டு ஒண்ணத் தொறம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவசர வேலைகள் எதுவும் என் பக்கம் வரவில்லை. அண்ணன் கவுண்டரிலிருந்து காகிதத்தோடு வருவார், என் நாற்காலியைத் தாண்டி அக்காவிடம் போவார்.

ஒரு நாள் காலையில் அக்காவின் கையில் நிறைய வேலை இருந்தது. அப்போது ஒரு கேத வீட்டுக்காரர் வந்தார். எங்கள் பக்கம் ஒருவர் தவறிவிட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துத் தெருவில் ஒட்டுவார்கள். உடலை எடுப்பதற்குள் ஒட்டியாக வேண்டும், அதனால் அதைவிட அவசரமான வேலை பிரஸ்ஸில் கிடையாது. வேறு வழியில்லாமல் அண்ணன் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வேட்டி, கசங்கிய சட்டை. இறந்தது அவருடைய தம்பி. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம் என்றும், தம்பிதான் முதலில் விளாங்குடிக்கு வந்து தன்னையும் கூட்டிக்கொண்டார் என்றும் சொன்னார்.

போனில் இருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது உடனே திறந்தது. ஏதோ ஒரு விசேஷத்தில் எடுத்த படம். மாலை போட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார் தம்பி. அவர் தோளில் யாருடைய கையோ இருந்தது.

"அந்தக் கை என்னோடதுதேன்" என்றார் பெரியவர். "அத எடுத்துரணும்ல?"

"எடுத்துரலாங்கய்யா. சட்டைய வரைஞ்சு மூடிருவேன். தெரியாது."

"தெரியாதுன்னா சரி."

அஞ்சலி போஸ்டருக்கென்று சர்வரில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றுகிற மாதிரியில் ஒரு ஃபைல் உண்டு. அதைத் தட்டினேன். வளையம் சுற்றத் தொடங்கியது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னத்தா, சுத்துது?"

"ஃபைல் தெறக்குதுங்கய்யா. கொஞ்சம் நேரமாகும். எனக்கு இன்னும் கை பழகல."

அவர் என் கையைப் பார்த்தார். நான் மடியில் கோத்து வைத்திருந்தேன்.

"நீதான் கைய எடுத்துட்டியேத்தா. அதுல்ல சுத்திக்கிட்டுக் கெடக்கு."

நான் கைகளைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன்.

"சுத்தட்டும். வீட்டுக்குப் போனா அம்புட்டுப் பேரும் என்னயப் பாத்து அழுவாக. இங்கன கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்" என்றார். பிறகு தம்பி எப்படித் தன்னை விளாங்குடிக்குக் கூட்டிவந்தார், முதலில் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஃபைல் திறந்த பிறகும் நான் உடனே வேலையைத் தொடங்கவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

அதற்குள் கதவு திறந்தது. அண்ணன்.

"எம்புட்டு நேரம்மா? வெளிய இவுக ஆளுக வண்டியோட நிக்கிறாக." திரையைப் பார்த்தார். அதில் இன்னும் யாரோ ஒருவருடைய பழைய அஞ்சலிதான் இருந்தது. "ஐயா, நீங்க இப்படி வாங்க. அக்கா உடனே போட்டுத் தருவாங்க."

அக்கா தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் எழுந்து நகர்ந்தார். போகும்போது அண்ணனிடம், "அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீக. பொட்டிதேன் மக்கர் பண்ணுது" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். மரியாதைக்காக ஆட்டினார் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா சீக்கிரமாக முடித்துக் கொடுத்தார். தோளில் இருந்த கை இருந்த இடமே தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு நடுவில் அந்தப் பெரியவர் சொன்னதும் வந்து வந்து போனது. நீதான் கையை எடுத்துவிட்டாயே. உண்மைதானே. தட்டுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நான் என்ன கெட்டிக்காரியாக இருந்தாலும் மக்காக இருந்தாலும் அந்த வளையத்துக்கு என்ன தெரியும்? தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

மறுநாள் முதல் தடவையாக நான் கம்ப்யூட்டரை வேடிக்கை பார்த்தேன். படங்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சட்டென்று திறந்தன. டிசைன் ஃபைல் மட்டும்தான் சுற்றியது. சின்ன ஃபைலும் சுற்றியது, பெரிய ஃபைலும் அதே அளவுக்குச் சுற்றியது. கடைசியாக ஒன்றுமே இல்லாத புது வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அதற்கும் அதே சுற்றல். வெறும் பக்கத்தைத் திறப்பதில் நான் என்ன தப்புச் செய்ய முடியும்?

"அக்கா, ஒரு நிமிசம் என் எடத்துல உக்காருறீங்களா?"

அக்கா வந்து உட்கார்ந்தார். அவருக்கு மனப்பாடமான ஒரு பத்திரிகை ஃபைலைத் தட்டினார். வளையம் சுற்றியது. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னது இது? எப்ப இருந்து இப்படி?"

"நான் வந்ததுல இருந்தேக்கா."

"ஏன் சொல்லல?"

"எனக்குத்தான் கை மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

ஃபைல் திறந்தது. அக்கா அதை மூடினார். எழுந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். நேராக அண்ணன் அறைக்குப் போனார். அங்கே அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானமே கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர் வந்துவிட்டார்.

அவர் பொறுமையானவர்தான். முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டார். சர்வரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை என் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து பார்த்தார். வேகமாக வந்தது. காப்பி செய்த ஃபைலை என் டெஸ்க்டாப்பிலேயே வைத்துத் திறந்தார். அதுவும் சுற்றியது.

"பாத்தீங்களா மேடம், சர்வருக்குப் போகாமலேயே லேட்டாகுது. அப்ப நெட்வொர்க்ல பிரச்சன இல்ல. இந்த மிஷின்தான் பழசு. ஹார்ட் டிஸ்க்க மாத்தணும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனும் ஒத்துக்கொண்டார். பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அப்படியே புதிதுக்கு மாற்றிப் பொருத்தினார்கள். கம்ப்யூட்டர் இப்போது போட்டவுடன் எழுந்து நின்றது. அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்று, "ம், தொறங்க பாப்போம்" என்றார். நான் தட்டினேன்.

வளையம் பழையபடியே சுற்றியது.

சர்வீஸ்காரர் வேறு சிலதைப் பார்த்தார். வைரஸ் இருக்கிறதா என்று தேடினார், சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கடைசியில், "உங்க ஃபைலெல்லாம் ஹெவியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வெள்ளைப் பக்கமும் சுற்றுகிறதே என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

"இதுக்கு மேல நான் என்னம்மா செய்ய?" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மிஷின் புதிது மாதிரி ஆகிவிட்டது. மீதி இருப்பது நான் மட்டும்தான். இரண்டு மூன்று நாள் கழித்து அவர் கவுண்டரில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "டிசைன் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க மாப்ள" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். "ஆவணி பெறந்தா முகூர்த்தம் நெறயா வரும்ல. கூட ஒரு ஆளு வேணும்" என்று தானாகவே சொன்னார். நான் சரி என்றேன். இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. போனை வைத்துக்கொண்டு, ஃபைல் திறக்க ஏன் தாமதமாகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பாதி புரிந்தது. புரிந்ததை எல்லாம் மறுநாள் செய்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்குள் ஒன்று மாறியிருந்தது. வளையம் சுற்றும்போது நான் குனிந்துகொள்வதை நிறுத்தியிருந்தேன். யார் வந்தாலும் வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

பிரஸ்ஸைக் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். சனிக்கிழமைகளில் மேஜைக்கு அடியிலும் துடைப்பார். அந்தச் சனிக்கிழமை அவர் மாப் என் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளில் மாட்டி, கேபிள் கழன்று வந்துவிட்டது. திரையின் மூலையில் நெட்வொர்க் இல்லை என்று குறி வந்தது. "ஏதோ கழண்டுருச்சும்மா" என்று அவர் பதறினார். "பரவால்ல, நான் மாட்டிக்கிறேன். நீங்க தொடச்சு முடிங்க" என்றேன். ஈரம் காயும்வரை நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்வர் கிடைக்காது. செய்வதற்கு ஒன்றுமில்லை. சர்வீஸ்காரர் டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டுப் போன அந்த ஃபைல் கண்ணில் பட்டது. பழக்கத்தில் தட்டினேன்.

தட்டிய கையை எடுப்பதற்குள் திறந்துவிட்டது.

மூடிவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் உடனே திறந்தது. வெள்ளைப் பக்கம் திறந்தேன். உடனே வந்தது. இறங்கிக் குனிந்து கேபிளை மாட்டினேன். தட்டினேன். வளையம். கழற்றினேன். தட்டினேன். உடனே. இதையே நான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்ததை அக்கா கவனித்துவிட்டார்.

"கீழ என்ன தேடுற?"

"அக்கா, இங்க வாங்க. இத மட்டும் பாருங்க."

மேஜைக்கு அடியில் உட்கார்ந்தபடியே அவருக்குக் காட்டினேன். அவர் மவுஸைத் தட்டினார், நான் கேபிளை மாட்டிக் கழற்றினேன்.

"அப்ப நெட்வொர்க்குதான்" என்றார் அக்கா.

"ஆனா ஃபைலு சர்வர்ல இல்லக்கா. இதுக்குள்ளேயேதான் இருக்கு. அதத் தெறக்குறதுக்கு இது வெளிய யார்கிட்டயோ என்னமோ கேக்குது. கேபிள் இல்லன்னா கேக்க வழியில்லன்னு தெரிஞ்சு பேசாம தெறந்துருது."

"யார்கிட்ட கேக்கும்?"

அதுதான் தெரியவில்லை. சர்வரைத் தவிர அந்த அறையிலிருந்து வெளியே போகிற சமாச்சாரம் வேறு என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் யோசித்தோம். அக்காவின் மேஜையில் ஒரு பிரிண்டர் இருந்தது. ப்ரூஃப் எல்லாம் அதில்தான் எடுப்போம். நான் ஃபைலை முடித்துச் சர்வரில் போட்டுவிடுவேன், அக்கா தன் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுப்பார். அதனால் என் கம்ப்யூட்டரில் நான் பிரிண்ட் என்பதை அழுத்தியதே இல்லை. பிரிண்டர் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அக்காவின் பிரிண்டர் பட்டியலில் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, மங்கலாக, இன்னொரு பிரிண்டர். இதுதான் வழக்கமான பிரிண்டர் என்று அதன் மேல் குறி போட்டிருந்தது. பக்கத்தில் அது எந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது என்பதும் இருந்தது. கவுண்டர் என்று ஆங்கிலத்தில்.

"முன்னாடி கவுண்டர்ல கம்ப்யூட்டர் எதுவும் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சே. பிரிண்டரோட இருந்துச்சு. இங்க இருந்தவரு அதுலதான் பிரிண்ட் எடுப்பாரு, கவுண்டர்ல நிக்கிற ஆளுகிட்ட அங்கேயே காட்டிரலாம்னு." அக்கா நிறுத்தினார். "அத அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாருல்ல. மக காலேஜ் சேர்ந்தப்ப. நீ வர்றதுக்குக் கொஞ்ச நாளு முன்னாடி."

போனில் படித்துப் புரியாமல் விட்டதும் சேர்ந்து, பிறகுதான் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. டிசைன் சாஃப்ட்வேர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், காகிதம் என்ன அளவு, ஓரம் எவ்வளவு என்று வழக்கமான பிரிண்டரிடம் கேட்டுக்கொள்ளும். இந்தக் கம்ப்யூட்டருக்கு வழக்கமான பிரிண்டர் கவுண்டரில் இருந்தது. கவுண்டர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனவர்கள் இதற்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அது கூப்பிட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று பார்த்துவிட்டு, வராது என்று தெரிந்த பிறகுதான் ஃபைலைத் திறந்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றியபோது உள்ளே இருந்ததை அப்படியே மாற்றியதால் இந்தக் குறியும் புது டிஸ்க்குக்குக் குடிவந்துவிட்டது. படம் பார்க்கிற சாஃப்ட்வேருக்குப் பிரிண்டரைப் பற்றிக் கவலையில்லை. அதனால்தான் அந்தப் பெரியவரின் தம்பி படம் மட்டும் உடனே வந்தது.

குறியை அக்காவின் பிரிண்டருக்கு மாற்றினேன். பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். கேபிள் மாட்டியே இருந்தது. சர்வரில் இருந்த மிகப் பெரிய ஃப்ளெக்ஸ் ஃபைலைத் தட்டினேன். திறந்தது. வேறு ஒன்று. அதுவும் திறந்தது. அக்கா என் தோளைத் தட்டிவிட்டு, "நீயே போயிச் சொல்லு" என்றார்.

அண்ணன் வந்து பார்த்தார். நானே திறந்து காட்டினேன். என்ன காரணம் என்று விளக்கியபோது அவர் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது.

"அது நம்ம வீட்லல்ல இருக்கு?"

"ஆமாண்ணே."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாண்ணே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே கவுண்டருக்குப் போனார். அன்று டீயோடு வடையும் வந்தது. வேறொன்றும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனா என்றால், எதிர்பார்த்தேன். இரண்டு நாள் மனது அதற்காகக் காத்திருந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒருவர் டிசைன் வேலை கேட்டு வந்தபோது, "இப்ப வேணாம் தம்பி, ஆளு இருக்கு" என்று அண்ணன் அனுப்பிவைத்ததை அக்கா வந்து சொன்னார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான் நான் எவ்வளவு மெதுவு என்பது வெளியே வந்தது. இத்தனை நாள் எல்லாத் தாமதமும் அந்த வளையத்துக்குள் கலந்து கிடந்தது. இப்போது ஃபைல் நொடியில் திறந்து என் முன்னால் வந்து நின்றுவிடும். அடுத்து நான்தான் அசைய வேண்டும். தட்டச்சு முறை மாறிப்போயிருந்தது. எனக்குப் பழக்கம் பழைய முறை. 'ஞ' எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடினேன். முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த சில வேலைகளுக்கு எந்தப் பொத்தான் என்பது விரலுக்கு மறந்துபோயிருந்தது. கணவர் கேட்டதும், அக்கா நினைத்ததும், நானே நினைத்ததும் முழுப் பொய் இல்லை.

அது தெரிந்தபோது எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முன்பு இருந்தது இருட்டில் ஒரு பயம். எவ்வளவு பெரிது என்றே தெரியாது. இப்போது அது 'ஞ' அளவுக்கு இருந்தது. 'ஞ' எங்கே இருக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மற்றது அடுத்த வாரம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து வைத்து முழுவதும் அடித்துப் பார்ப்பேன். தப்பு வந்தால் அது என் தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயமே ஒரு ஆறுதலாக இருந்தது. வீட்டிலும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது என்று. வெட்கமில்லாமல் சொல்ல முடிந்தது.

என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று சில சமயம் தோன்றும். நீண்ட நாள் கழித்து ஒரு வேலைக்குத் திரும்பி, யாரோ மாற்றாமல் விட்ட எதையோ தன் குறை என்று எடுத்துக்கொண்டு, சீக்கிரம் வந்து தாமதமாகப் போய் ஈடுகட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. இன்னொருவரைத் தன் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லலாம். எனக்கு அதைக் கேட்கத்தான் ரொம்ப நாள் ஆனது.

ஆவணி பிறந்தது. அக்கா சொன்னது மாதிரியே முகூர்த்தங்கள் வரிசை கட்டி வந்தன. ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் எனக்கு வந்தது. குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லோருடைய முகமும் போட வேண்டும். தாய்மாமன்கள் மேலே, பங்காளிகள் கீழே. யார் தலை யார் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று ஒரு தனிக் காகிதமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் ஆரம்பித்து ஒவ்வொரு தலையாக வெட்டி எடுத்து, முடியைச் சீராக்கி, வரிசையில் நிறுத்தினேன். முடிக்கச் சாயந்தரமாகிவிட்டது. மகளுக்குப் போன் செய்து பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னேன்.

அக்கா வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"எழுத்து ரொம்பத் தடிச்சுக் கெடக்கு. கொஞ்சம் ஒல்லியாக்கு."

"தூரத்துல இருந்து பாக்குறதாச்சேக்கா. ஒல்லியாப் போட்டா ரோட்ல போறவங்களுக்குத் தெரியாது."

"தடிச்சா 'விழா' 'வீழா' மாதிரி தெரியுது பாரு."

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேறு எழுத்தில் மாற்றினேன், மற்றதைத் தடிமனாகவே விட்டேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ம், போகட்டும்" என்று சொல்லித் தன் இடத்துக்குப் போனார். நான் ஃபைலை ஃப்ளெக்ஸ் மிஷின் கொட்டகைக்கு அனுப்பினேன்.